வேலியில் காய்ந்த காற்சட்டையும் ‘கமம்’ என்ற பதிலும்

உங்கள் பயிற்சியின் கடைசி நாளில் வந்து ஒரு மணித்தியாலம் பேசும்படி கேட்டார்கள். என் தொண்டை இப்போது ஒரு மணித்தியாலம் தாங்காது. அதனால் எழுதி அனுப்புகிறேன். எழுதுவதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. நீங்கள் நடுவில் குனிந்து கைத்தொலைபேசியைப் பார்ப்பது என் கண்ணில் படாது.

மென்பொருளை எப்படி இயக்குவது என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது, என்னைவிட உங்களுக்கு விரல் வேகமும் இருக்கிறது. நான் செய்த ஒரு பிழையைப் பற்றித்தான் எழுதுகிறேன். இந்த வேலையில் பல பிழைகள் விட்டிருக்கிறேன். மற்றவை திருத்தியதும் மறந்துபோயின. இது மட்டும் ஓய்வுபெற்ற பிறகும் என்னோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மட்டக்களப்பில் வாவியைப் பார்த்தபடி இருந்த ஒரு சிறிய ஆய்வுக் கந்தோரில் நான் வேலை செய்தேன். நோய்களுக்கும் மனிதர் செய்யும் தொழிலுக்கும் தொடர்பு உண்டா என்று தேடுகிற அலுவலகம் அது. ஆட்கள் தங்கள் தொழில் என்று சொல்லும் சொல்லுக்கு ஓர் இலக்கம் போடுவது என் வேலை, இனி உங்கள் வேலை. இலக்கம் இருந்தால்தான் ஒரே வேலை செய்தவர்களை ஒன்றாக நிறுத்திப் பார்க்க முடியும். யாருக்கு எந்த இலக்கம் விழுகிறதோ, அந்தக் கூட்டத்தோடுதான் அவருடைய நோயும் எண்ணப்படும். இலக்கம் பிழையானால் நோய் வேறு வாசலில் போய் நிற்கும்.

முன்பெல்லாம் தடித்த புத்தகத்தைப் புரட்டித்தான் இலக்கம் தேடினோம். பிறகு மென்பொருள் வந்தது. களத்தில் நேர்காணல் செய்பவர் இரண்டு பதில்களைத் தட்டி அனுப்புவார். ஒன்று, நீங்கள் செய்யும் தொழில் என்ன. மற்றது, நீங்கள் வேலை செய்யும் இடத்தில் என்ன நடக்கிறது. மென்பொருள் இரண்டையும் வாசித்து ஓர் இலக்கத்தை முன்வைக்கும். தனக்கு நிச்சயமென்றால் பச்சை நிறம் காட்டும். சந்தேகமென்றால் மஞ்சள். ஒன்றுமே பிடிபடவில்லை என்றால் சிவப்பு. மஞ்சளையும் சிவப்பையும் நாங்கள் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பச்சைகளை மொத்தமாக ஏற்றுக்கொள்ள ஒரு பொத்தான் இருந்தது.

ஆரம்பத்தில் அது எங்களை நன்றாகச் சிரிக்க வைத்தது. வாவியில் இறால் பிடிக்கும் ஆரையம்பதி மனிதர் ஒருவரை உணவகச் சமையல்காரராக்கியது. தென்னை ஏறித் தேங்காய் பறிக்கிறவரைச் சர்க்கஸ்காரராக்கியது. இதெல்லாம் சிவப்பிலும் மஞ்சளிலும் வந்து நின்ற கோமாளித்தனங்கள். உடனே கண்டுபிடித்தோம், திருத்தினோம், தேத்தண்ணி குடிக்கும்போது சொல்லிச் சிரித்தோம். இவ்வளவு சிரித்ததாலேயே பச்சையில் எங்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஒன்று, தெரியும் என்று சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தோம்.

படிவத்தின் அடியில் ‘குறிப்பு’ என்று ஒரு சிறிய பெட்டியும் இருந்தது. நேர்காணல் செய்பவர் விரும்பினால் அதில் ஏதாவது எழுதலாம். மென்பொருள் அதை வாசிக்காது. உண்மையைச் சொன்னால், நானும் வாசிப்பதில்லை.

செங்கலடிச் சந்தியிலிருந்து பதுளை வீதியால் உள்ளே போகும் சில கிராமங்களில் ஆண்களுக்கு நெஞ்சு நோய் கூடிக்கொண்டு போவதாகத் தகவல் வந்தது. இருமல், மூச்சு வாங்கல், உடம்பு உருகிப்போதல். காசநோய் என்று மருந்து குடித்தும் குறையாதவர்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் நுரையீரலில் தழும்பு. நாற்பது வயதைத் தாண்டாதவர்களும் அதில் இருந்தார்கள். எங்கள் ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த டொக்டர் என்னைவிட இளையவர், அதிகம் பேசாதவர். அவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். இந்த ஆட்களைச் சேர்த்துக் கட்டுகிற தொழில் எது?

படிவங்கள் வந்து சேர்ந்தன. மென்பொருளில் ஏற்றினேன். திரை வயல்போலப் பச்சையாக இருந்தது. தொழில்: கமம். வேலை செய்யும் இடத்தில் நடப்பது: நெற்செய்கை. ஒருவர் இருவர் மேசன், ஒருவர் கடை, மற்ற எல்லாரும் கமக்காரர், அதாவது விவசாயிகள். நான் மஞ்சளில் நின்ற சிலரை மட்டும் பார்த்துத் திருத்திவிட்டு, பச்சைப் பொத்தானை அழுத்தி, அட்டவணையை டொக்டரிடம் கொடுத்தேன். அவர் அதை வைத்து அறிக்கை எழுதத் தொடங்கினார். வயலில் அடிக்கும் மருந்தா, வைக்கோல் தூசியா என்று பார்க்க வேண்டும், கமக்காரருக்கு முகமூடி கொடுத்து அறிவுறுத்த வேண்டும் என்று அறிக்கை போனது. திங்கட்கிழமை பெரிய கூட்டம். கொழும்பிலிருந்தும் ஆட்கள் வருவதாக இருந்தது.

இதில் நான் ஏன் சந்தேகப்படவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். நான் ஊர் தெரியாதவளாக இருந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்ததும் ஆண்தான் பெண்வீட்டுக்குப் போவான். வீடும் வயற்காணியும் பெண்ணின் பேரில் சீதனமாக வரும். வட்டையில், அதாவது ஊரின் வயல்வெளியில், மனைவிக்கு ஒரு துண்டு காணி இருந்தால் புருசனின் தொழில் கமம். அந்தக் காணியை வேறொருவர் குத்தகைக்குச் செய்தாலும் கமம்தான். விடிந்து பொழுதுபடும்வரை அந்த மனிதர் உண்மையில் எங்கே நிற்கிறார் என்பது வேறு கதை. இதைப் பொய் என்று சொல்லிவிடாதீர்கள். ஊரில் தனக்கு என்ன இடம் என்று கேட்டால் ஒரு மனிதன் சொல்லுகிற நேர்மையான பதில் அது. நாங்கள் கேட்க நினைத்தது வேறொரு கேள்வி.

என் அப்பா ஒரு பாடசாலையில் காவலாளியாக இருந்தார். ஒருநாளும் அவர் வயலில் இறங்கி நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கு இரண்டு ஏக்கர் காணி இருந்தது. பள்ளிக்கூடப் படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் நான் ஒவ்வொரு வருடமும் என் கையாலேயே ‘கமம்’ என்று எழுதினேன். அப்படி எழுதிப் பழகிய கைதான் அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்தியது.

வியாழக்கிழமை பின்னேரம் பௌசியா கந்தோருக்கு வந்தாள். எங்கள் நேர்காணல்காரிகளில் ஒருத்தி, ஏறாவூரைச் சேர்ந்தவள். முப்பது வயது இருக்கும். களவேலை முடிந்ததால் படிவம் நிரப்பும் டப்லெட்டைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். கொடுத்த பிறகும் போகாமல் மேசையருகில் நின்றாள்.

“மிஸ், தம்பிராசா எண்ட ஆள்ர படிவத்தில ஒரு குறிப்பு எழுதியிருந்தன். பாத்தீங்களா?”

எனக்குத் தலைக்கு மேல் வேலை. திங்கட்கிழமைக்கான இணைப்புகள் ஒன்றும் முடியவில்லை. என் கோபத்தைப் பற்றி உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

“குறிப்புக்கு நான் இலக்கம் போடுறல்ல பௌசியா. நீங்க கேக்கிறதக் கேட்டு எழுதுங்க, போடுறத நான் போடுறன்.”

அவள் ஓம் மிஸ் என்று சொல்லிவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அந்தச் சத்தமில்லாமை என்னைக் கொஞ்சம் உறுத்தியது. கால் மணித்தியாலம் வேலை செய்வதுபோல இருந்துவிட்டு, அந்தப் படிவத்தைத் திறந்து அடிப்பெட்டியைப் பார்த்தேன். அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘வேலியில் இரண்டு களிசான் காய்ந்தது. இரண்டிலும் சாம்பல் நிறத் தூசி, கழுவியும் போகவில்லை. வயல் சேறு இப்படி இராது.’

அதை நான் மூன்று தரம் வாசித்தேன். பிறகு அதே கிராமங்களின் மற்றப் படிவங்களைத் திறந்தேன். எல்லாம் பச்சை, எல்லாம் கமம். குறிப்புப் பெட்டிகள் பெரும்பாலும் வெறுமை. எழுதினால் யாரும் வாசிப்பதில்லை என்று களத்துப் பிள்ளைகள் எப்போதோ விளங்கிக்கொண்டிருந்தார்கள். பௌசியா மட்டும் இன்னும் விளங்காமல் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழைப்பெடுத்தேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஆள் நான். நாளைக்கு அந்த வீட்டுக்கு என்னோடு வர முடியுமா என்றுதான் கேட்டேன். அவள் வருவதாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் செங்கலடிக்குப் பஸ்ஸில் போய், அங்கிருந்து ஓட்டோ பிடித்தோம். வழியில் நான்தான் கேட்டேன், வேலியில் காயும் காற்சட்டையைப் பார்க்க வேண்டும் என்று எப்படித் தோன்றியது என்று. அவளுடைய வாப்பா தறியில் நெசவு செய்து நெஞ்சு போனவராம். யார் கேட்டாலும் வியாபாரம் என்றுதான் சொல்லுவாராம். அவருடைய சட்டையில் ஒட்டியிருக்கும் பஞ்சை அவளுடைய உம்மா வேலியில் காயப்போடுவதற்கு முன் விரலால் பொறுக்கி எடுப்பாராம். அதனால் யார் வீட்டுக்குப் போனாலும் அவள் முதலில் வேலியைத்தான் பார்ப்பாளாம். இத்தனை வருடம் புத்தகத்திலும் திரையிலும் நான் படித்த எதிலும் இது இல்லை.

தம்பிராசாவின் வீடு கல்வீடு. மனைவி புவனேசுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்தது. அவர் முற்றத்து வேப்பமரத்தின் கீழே பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இராது. தோளெலும்பு சட்டைக்குள்ளால் தெரிந்தது. எங்களைக் கண்டதும் எழும்பினார், எழும்பியதற்கே மூச்சு வாங்கியது. புவனேஸ் தேத்தண்ணி கொண்டு வந்தாள். நான் டப்லெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தொழிலைப் பற்றி மறுபடி கேட்டேன்.

“அண்டைக்கே இந்தப் பிள்ளையிட்டச் சொன்னனே. கமம்,” என்றார்.

நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு கேள்வி கேட்டேன். இந்தப் பெரும்போகம் என்ன நெல் விதைத்தீர்கள் என்று. கேட்டு முடிவதற்குள் பிழை விளங்கியது. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தேத்தண்ணித் தட்டைப் பார்த்தாள். காணி பல வருடமாகக் குத்தகையில் இருக்கிறது. என்ன நெல் என்பது குத்தகைக்காரனுக்குத்தான் தெரியும். தன் வீட்டு முற்றத்தில், மனைவிக்கு முன்னால், இரண்டு அந்நியப் பெண்களுக்கு முன்னால் ஒரு மனிதரைத் தலைகுனிய வைத்துவிட்டேன். அவருடைய முகம் மூடிக்கொண்டது. இன்னொரு கேள்வி கேட்டால் எழும்பி உள்ளே போயிருப்பார். அதோடு எல்லாம் முடிந்திருக்கும்.

நான் டப்லெட்டை அணைத்துப் பைக்குள் வைத்தேன். கமம் என்றே இருக்கட்டும், நான் இலக்கத்துக்கு வரவில்லை என்றேன். பிறகு, திட்டம் ஒன்றும் இல்லாமலே, என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். பாடசாலைக் கேற்றடியில் வருடக்கணக்காக உட்கார்ந்திருந்த ஒரு கமக்காரரைப் பற்றி. அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது, இருமல் நிற்க நெடுநேரம் ஆனது. புவனேஸ் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். இருமல் அடங்கிய பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்.

“எழுதினா மறுகா அங்க ஆள் வருமா?”

எங்கே என்று நான் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் படலையைத் திறந்துகொண்டு ஒரு சைக்கிள் உள்ளே வந்தது. புவனேசின் தம்பி ரவி, மத்தியானச் சோற்றுக்கு வந்திருந்தான். முப்பது வயதுக்காரன், பக்கத்து வளவில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். அவனுடைய களிசானும் தலைமயிரும் புருவமும் கண்மடலும் சாம்பல் நிறமாக இருந்தன. எங்களைக் கண்டதும் சைக்கிளைச் சாத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டான். அங்கிருந்து இருமல் சத்தம் கேட்டது. புவனேஸ்தான் பேசினாள். என்னைப் பார்த்துப் பேசினாலும் அது அவருக்காகவும் சொன்னதுதான்.

“காணி என்ர பேரில கிடக்கு மிஸ். கமம் எண்டத என்ர பேருக்கு நேர எழுதிக்கொள்ளுங்க. இவர் பன்னிரண்டு வருசம் கல்லு மெசினில நிண்டவர். தம்பியையும் இவர்தான் கூட்டிக்கொண்டு போய்ச் சேத்து விட்டவர்.”

உள்ளே சற்றுத் தள்ளிக் கருங்கல்லை உடைத்துச் சல்லியாக்கும் ஆலை ஒன்று இருந்தது. அதைத்தான் அந்த ஊரார் கல்லு மெசின் என்பார்கள். புவனேஸ் சொன்னதும் அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. கிணற்றடிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக, “மூண்டு மாசமா இருமுறான்,” என்றார்.

அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. கமம் என்ற சொல்லால் அவர் தன்னுடைய மரியாதையை மட்டும் காப்பாற்றவில்லை, மச்சானுடைய வேலையையும் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அந்த வேலையே மச்சானின் நெஞ்சைத் தின்னத் தொடங்கியிருந்தது அவருக்குத் தெரியும். தன் நெஞ்சைக் கேட்டே தெரிந்துகொண்டவர் அவர். எழுதினால் ரவிக்கு வேலை போய்விடுமா என்று என்னிடம் கேட்டார்.

இந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஒன்றும் நடக்காது, பயப்படாதீர்கள் என்று. நல்ல மனதோடு பலரும் சொல்லுகிற பொய்தான். நீங்களும் ஒருநாள் அந்த இடத்தில் நிற்பீர்கள், அதனால் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“வேலை போகா எண்டு என்னால சொல்ல ஏலா தம்பி. இத எழுதாட்டி அங்க ஒருத்தரும் போய்ப் பாக்கமாட்டாங்க. அத மட்டும்தான் சொல்ல ஏலும்.”

அவர் ரவி சாத்திவிட்டுப் போன சைக்கிளைப் பார்த்தார். பிறகு எழுதச் சொன்னார். நான் பையிலிருந்து டப்லெட்டை எடுத்துப் பௌசியாவிடம் கொடுத்தேன். அந்தப் படிவத்தை எழுதும் உரிமை அவளுடையது. அவள் கல்லுடைக்கும் இயந்திரத்தில் வேலை, பன்னிரண்டு வருடம் என்று தட்டினாள். மென்பொருள் மஞ்சள் காட்டியது. கமம் என்றபோது கண்ணை மூடிக்கொண்டு பச்சை காட்டியது, உண்மையைச் சொன்னதும் தயங்கியது. அதைத் திட்டிப் பயனில்லை. அதனிடம் ஒரு சொல்லைத்தான் கொடுத்தோம், அந்தச் சொல்லுக்கு அது சரியான இலக்கத்தைத்தான் தந்தது. அந்தச் சொல் சரியா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பின்னேரம் கந்தோருக்குத் திரும்பி நேரே டொக்டரிடம் போனேன். அறிக்கை அச்சுக்குத் தயாராக மேசையில் இருந்தது. நடந்ததைச் சொன்னேன். அட்டவணை பிழை, அதைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“ஒரு வீட்ட வச்சு முழு அறிக்கையையும் மாத்த ஏலுமா அக்கா?”

நியாயமான கேள்வி. ஒரு வீடு எதையும் நிரூபிக்காது. மற்றவர்கள் உண்மையிலேயே கமக்காரராக இருக்கலாம். திங்கட்கிழமைக் கூட்டத்தில் வெறுங்கையோடு நிற்கப்போகிறவர் அவர். அவர் எதற்காகத் தயங்குகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. நான் இதைச் சொன்னேன்: “ஒரு வீட்டுக்குத்தான் போனன் டொக்டர். மத்த வீடுகளுக்குப் போகாமத்தான் கமம் எண்டு போட்டன். கல்லு மெசின் எண்டு எழுதுங்க எண்டு நான் சொல்லல்ல. தெரியா எண்டு எழுதுங்க.”

அவர் அறிக்கையை எடுத்து, அட்டவணை இருந்த பக்கத்தைத் தனியே கழற்றினார். திங்கட்கிழமை கூட்டத்தில் அந்த இடத்தில் ஒரே வரிதான் வாசிக்கப்பட்டது. இந்த நோயாளர்களின் தொழில் இன்னும் சரியாக அறியப்படவில்லை என்று. வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். இவ்வளவு காலம் என்ன செய்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். டொக்டர் எழும்பி நின்று, பிழை எங்களுடையது, மறுபடி போய்க் கேட்கிறோம் என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. பின்வரிசையில் இருந்த நான் அன்று அழாமல் இருந்ததே பெரிய காரியம். ஒரு மேலதிகாரி எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்வேன்.

மறுபடி கேட்கப் போனபோது கேள்வியை மாற்றினோம். மாற்றியது பௌசியாதான். தொழில் என்ன என்று கேட்பதை விட்டுவிட்டோம். காலையில் வீட்டை விட்டு எங்கே போவீர்கள், அங்கே கையால் எதைத் தொடுவீர்கள், திரும்பி வரும்போது உடுப்பில் என்ன ஒட்டியிருக்கும் என்று கேட்டோம். மனைவிமாரையும் கேட்டோம், ஏனென்றால் உடுப்புக் கழுவுகிறவர்கள் அவர்கள். காணி இருக்கிறதா என்பதை வேறு இடத்தில் மரியாதையாகக் கேட்டு எழுதினோம். தங்கள் காணி எங்கோ எழுதப்பட்டுவிட்டது என்றதும் ஆண்கள் தங்கள் வேலையை இலகுவாகச் சொன்னார்கள். பலர் உண்மையாகவே கமக்காரர்தான். ஆனால் நெஞ்சில் தழும்பு இருந்தவர்களில் அநேகமானோர் அந்தக் கல்லு மெசினிலோ அதைப்போல இன்னொன்றிலோ வருடக்கணக்காக நின்றவர்கள்.

அதன் பிறகுதான் அதிகாரிகள் அங்கே போனார்கள். கல் உடைபடும் இடத்தில் தண்ணீர் தெளிக்க ஏற்பாடு நடந்தது. வேலையில் நின்ற எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். ரவியின் நெஞ்சில் நோய் தொடங்கியிருந்தது, ஆனால் தொடக்கம்தான். இனி அந்தத் தூசிக்குள் நிற்கக் கூடாது என்றார்கள். அவனுக்கு வேலை போனது, தம்பிராசா பயந்தபடியே. சில மாதங்கள் அந்த வீடு மிகவும் கஷ்டப்பட்டது. அதை மறைத்து, எல்லாம் நல்லபடி முடிந்தது என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பிறகு குத்தகையிலிருந்த அக்காவின் காணியை மீட்டு ரவி விதைத்தான். உழவு மெசினும் ஓட்டுகிறான். இருமல் கூடவில்லை.

தம்பிராசாவுக்கு அதெல்லாம் பிந்திவிட்டது. திருத்திய அறிக்கை வெளிவருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். செத்தவீட்டுக்கு நானும் பௌசியாவும் போனோம். ரவி அவருடைய காலடியில் இருந்தான், எங்களைக் கண்டு தலையசைத்தான். நான் அந்தப் பச்சையை முதல் நாளே சந்தேகித்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று டொக்டரிடம் ஒருமுறை கேட்டேன். இல்லை, அவருடைய நோய் முற்றியிருந்தது என்றார். அவர் பொய் சொல்பவர் அல்லர். இருந்தும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

நான் ஓய்வுபெற இருந்த மாதத்தில், அந்தப் பிரதேசத்தின் மரணப் பதிவுகள் இலக்கம் போடுவதற்காக எங்களுக்கு வந்தன. ஏற்றிக்கொண்டு போகையில் தம்பிராசாவின் பெயர் வந்தது. தொழில்: கமம். மென்பொருள் பச்சை காட்டியது.

கை அப்படியே நின்றது. இத்தனை பாடுபட்டு நிமிர்த்தியது மறுபடி கவிழ்ந்து கிடந்தது. பதிவாளர் தானாக எழுதிவிட்டார் என்று நினைத்தேன். விண்ணப்பித்துத் திருத்த வழி இருக்கிறது என்று புவனேசிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று அடுத்த நாள் செங்கலடிக்குப் பஸ் ஏறினேன். அவள் முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர்களுடைய நெல், ரவி விளைவித்தது. நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டாள். எனக்குக் கதிரை எடுத்து வந்து போட்டாள்.

“பதிவுகாரர் கேட்டவர் மிஸ். நான்தான் கமம் எண்டு சொன்னன். அண்டைக்கு உங்களுக்கு முன்னால அத இவரிட்ட இருந்து பறிச்செடுத்தன். உங்கட ஆய்வில கல்லு மெசின் எண்டே கிடக்கட்டும், அது தம்பிக்கு. இது இவருக்கு.”

நான் திருத்தச் சொல்லவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் நெல்லைக் கிளறினோம். பிறகு நான் கந்தோருக்குத் திரும்பி அந்த வரியைத் திறந்தேன். பச்சையை நான் தொடவில்லை. அடியிலிருந்த குறிப்புப் பெட்டியில் எழுதினேன்: ‘பன்னிரண்டு வருடம் கல்லுடைக்கும் இயந்திரத்தில் நின்றவர். எங்கள் ஆய்வுக் கோப்பில் இருக்கிறார். கமம் என்று சொன்னது இவருடைய மனைவி, காணி மனைவியின் பேரில்.’ அந்த மரணப் பதிவுக் கோப்பு இப்போது உங்களிடம் இருக்கிறது. மென்பொருள் அந்தப் பெட்டியைத் திறக்காது.